மூன்றரை மணி நேரம்

அங்கே லியாண்டருக்கு இரவு எட்டரை என்றால்
இங்கே எனக்கு நள்ளிரவு.
மற்ற ஊர்க்காரர்கள் முழு மணிகளில் பிரிந்திருக்கிறார்கள்.
நியூஃபவுண்ட்லாந்துக்கு மட்டும்
ஒட்டுக்கு ஓர் அரை.
அந்த அரையில்தான் என் கணக்கு தப்பிப்போகிறது.

அடுப்படிச் சுவரில் இரண்டு கடிகாரங்கள்.
இடப்பக்கம் ஆல்பர்ட்டா.
பேட்டரி தீர்ந்து செவ்வாய் முழுக்க அங்கே ஐந்தே கால்;
நான் கவனிக்கவில்லை.
ஐந்தே காலுக்கு அவன் சுரங்கப் பேருந்துக்காக
வரிசையில் நிற்பான், கையில் சோற்று டப்பாவோடு.
பாவம், அன்று முழுக்க
அவனை அந்தக் குளிரிலேயே நிற்க வைத்துவிட்டேன்.

இருபது நாள் வேலை, எட்டு நாள் வீடு.
நாள் குறித்துக் கொடுத்த டாக்டருக்கு
இந்தக் கணக்கு தெரியாது.
பிள்ளைக்கு விழுந்த தேதி
அவனுடைய பதினான்காம் நாள்.
"ஆறு நாள் பொறுத்துக்கச் சொல்லு" என்றான்.
போனை வயிற்றில் வைத்து
நேராகவே சொல்லச் சொன்னேன்.
ஓர் உதை.
சரி என்றதா, போடா என்றதா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரி காண்டரில், தொண்ணூற்றாறு கிலோமீட்டர்.
அவன் வந்திறங்கும் விமான நிலையமும் அங்கேதான்.
அவனுக்கு மூன்று விமானமும் ஒரு பேருந்தும்
மூடுபனி இல்லாத வானமும் வேண்டும்.
எனக்கு வெரீனா போதும்.

வெரீனா சாலையில் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவள்.
வெளியே பனி இரண்டடி, உள்ளே பனிக்குடம்,
எது முதலில் தண்ணீராகும் என்று
கடைத்தெருவில் பந்தயம் கட்டியிருக்கிறாள்.
ஞாயிறன்று ஒத்திகை பார்த்தோம்.
அவள் முன்னே வழித்துக்கொண்டு போக
அவள் தம்பியின் காரில் பின்னே நான்,
மடியில் துண்டு, தாள், பென்சில்.
பாதி வழியில் ஒரு மூஸ் மான்
சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.
வெரீனா ஹாரன் அடிக்கவில்லை.
"அதுவும் நிறைமாசமோ என்னவோ" என்றாள் இறங்கி வந்து.
ஒன்பது நிமிடம்.
அதையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

பிரசவ அறையில் பிளக் எங்கே இருக்கிறது என்று
நர்ஸிடம் கேட்டேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"தலைமாட்டில், இடப்பக்கம்.
ஒயர் மட்டும் நீளமாக் கொண்டு வா.
இந்தக் கரையில் பாதிப் பேர்
போன் வழியாத்தான் அப்பா ஆகிறாங்க."

வியாழன் இரவு வலி வந்தது.
கேக்குக்கு வைக்கும் டைமரைத் திருகி வைத்தேன்.
பதினொரு நிமிடம். எட்டு. மறுபடி எட்டு.
போனில் அவன் பெயரை எடுத்தேன், அழுத்தவில்லை.
அவனுக்கு இருப்பது ஒரே ஓர் அவசர விடுப்பு.
பொய்வலிக்குக் கிளம்பிவிட்டால்
மெய்வலிக்கு ஆள் இல்லை.

குளிக்கும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
எட்டு ஏழாகட்டும் என்று காத்திருந்தேன்.
பதினான்கு ஆயிற்று.
பிறகு டைமர் தன்பாட்டுக்கு மணி அடித்தது,
வீட்டில் எதுவும் வேகவில்லை.
பொய் என்று அந்த வலிக்குப் பெயர் வைத்தவர்
அதைப் பட்டிருக்க மாட்டார்.

காலையில் "தூங்கினாயா?" என்றான்.
"நன்றாக" என்றேன்.
அவன் பின்னால் யாரோ ஷூவை உதறும் சத்தம்.
"நீ?" என்றேன்.
"நன்றாக" என்றான்.
அந்த முகாமில் நன்றாகத் தூங்கியவன்
எவனும் இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறான்.

இன்று தபாலில் ஒயர் வந்தது. மூன்று மீட்டர்.
பேட்டரி வாங்க இன்னும் போகவில்லை.
படுக்கையில் இடப்பக்கம் சாய்ந்து
சுவர் பிளக்கிலிருந்து இழுத்துப் பார்த்தேன்.
காதுவரை வருகிறது.
வயிற்றுக்கும் எட்டுகிறது.
முழங்காலைத் தாண்டி
நாலு விரற்கடை மிச்சம்.